அக்சியாவின் மந்தத்துக்கு மருந்து எண்ணெயில் இல்லை

மலேசியாவின் பினாங்கில், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போய்வர, 2018ஆம் ஆண்டின் பெரோடுவா அக்சியா ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். 998 சிசி கொண்ட மூன்று சிலிண்டர் இயந்திரம், 67 குதிரைத்திறன். இவ்வளவு சிறிய வண்டி பறக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனாலும், முதல் பினாங்குப் பாலத்தின் நடுப்பகுதி ஏற்றத்தில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு போகும்போது அது திணறிய திணறல் இயல்பானதாகத் தோன்றவில்லை. வழக்கமான ரோன் 95க்குப் பதிலாக விலை கூடிய ரோன் 97 பெட்ரோல் எண்ணெயை ஊற்றினால் சரியாகிவிடும் என்பது என் கணவரின் தீர்ப்பு. முந்தைய உரிமையாளர் அழகுக்காக மாட்டிவிட்டுப்போன 15 அங்குல ரிம்களின் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஆறு மாதங்களாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, எண்ணெய் ஊற்றிய ரசீதுகளை எல்லாம் சேர்த்துவைத்த பிறகே இதை எழுதுகிறேன்.

டயரிலிருந்து தொடங்குகிறேன். வண்டியில் இருந்த அளவு 195/55 ஆர்15. என் அக்சியாவுக்குத் தொழிற்சாலை தந்த அளவு 175/65 ஆர்14. பக்கச்சுவரையும் ரிம்மையும் கூட்டிக் கணக்கிட்டால் முதலாவதன் விட்டம் ஏறத்தாழ 595 மில்லிமீட்டர், இரண்டாவது 583. இந்த 2 விழுக்காட்டு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இயந்திரத்துக்குத் தெரியும். சக்கரம் பெரிதாகும்போது ஒவ்வொரு கியரும் சற்று நீண்டுவிடுகிறது. அதோடு அகலமான டயரின் எடையும் உருளும் தடையும் சேர்ந்துகொள்கின்றன. இரண்டாயிரம் சிசி வண்டி இதைப் பொருட்படுத்தாமல் போய்விடும். 67 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு பிழைக்கும் வண்டிக்கு ஒவ்வொரு சிவப்பு விளக்கிலிருந்து புறப்படும்போதும் இது ஒரு சுமை.

பழைய பாகங்கள் விற்கும் கடையொன்றில் அசல் 14 அங்குல ரிம்களைத் தேடிப் பிடித்து, மிஷலின் எனர்ஜி எக்ஸ்எம்2 பிளஸ் டயர்கள் நான்கை மாட்டினேன். சமநிலைப்படுத்துவதும் அலைன்மென்டும் சேர்த்து எண்ணூறு வெள்ளியை (ரிங்கிட்) தாண்டியது. மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தேன். முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். மூன்று டயர்கள் புதியவை. நான்காவது இரண்டு ஆண்டுக்கு மேல் கிடங்கில் கிடந்தது. சுட்டிக்காட்டியதும் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், சுட்டிக்காட்டியிராவிட்டால் மாட்டியிருப்பார்கள். நைட்ரஜன் நிரப்பச் சொல்லிக் கூடுதல் பணமும் கேட்டார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்பதால் அதை மறுத்துவிட்டேன்.

அந்தக் கடையில் எனக்கிருக்கும் உண்மையான குறை காற்றழுத்தம் பற்றியது. கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ரயில் தண்டவாளத்தையும் சாலைப் பள்ளங்களையும் கடந்தபோது வண்டி வேகவைக்காத கடலை போலத் துள்ளியது. புதிய டயர் இப்படித்தான் இருக்குமோ என்று ஏமாற்றமடைந்தேன். மறுநாள் காலை, டயர் குளிர்ந்திருந்த நேரத்தில் எண்ணெய் நிலையத்தின் காற்றுக் குழாயைச் செருகியபோது திரை 280 கிலோபாஸ்கல் என்று காட்டியது. ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாள் சொல்லும் அளவு அதைவிட நன்றாகவே குறைவு. அந்த அளவுக்கு இறக்கியதும் வண்டியின் குணமே மாறிவிட்டது. எண்ணூறு வெள்ளி டயரைப் பற்றி ஒரு நாள் முழுதும் தவறான கருத்து வைத்திருந்தேன். அதைத் திருத்திய காற்றுக்கு ஒரு காசும் செலவில்லை.

சரியான அழுத்தத்தில் இந்த டயர்களிடம் நான் கண்டவை இவை. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறி இறங்கும் துன் சார்டோன் சாலையில், மாலை மழைக்குப் பிறகு, வளைவுகளில் முன்சக்கரம் வழுக்குமோ என்ற பயம் போய்விட்டது. அதற்குப் புதிய வரிப்பள்ளங்கள் பாதிக் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய டயர்கள் 1.6 மில்லிமீட்டர் தேய்மான அடையாளத்தை நெருங்கியிருந்தன. தேய்ந்த அகலமான டயர் தேங்கிய நீரின் மேல் மிதக்கும், குறுகலான டயரோ நீரை எளிதில் பிளந்துகொண்டு தரையைப் பிடிக்கும். குறை என்று பார்த்தால், உயரமான பக்கச்சுவரால் ஸ்டீயரிங்கின் கூர்மை சற்று மழுங்கியிருக்கிறது. பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது வண்டி முன்பைவிடக் கொஞ்சம் அசைகிறது. ஆனால் ஏற்றத்தில் திணறல் பெரும்பாலும் தீர்ந்தது.

எண்ணெய்ச் செலவுக் கணக்கில் ஒரு பொறி உண்டு. பெரிய சக்கரம் இருந்தபோது வண்டி 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 98 என்றுதான் காட்டும். ஆகவே லிட்டருக்கு 15.1 கிலோமீட்டர் என்று நான் அப்போது எழுதிவைத்தது உண்மையில் 15.4. புதிய டயரில் அது 16.6. மீட்டரை நம்பியிருந்தால் 1.5 கூடியது என்று பெருமைப்பட்டிருப்பேன், உண்மையான லாபம் 1.2 மட்டுமே. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும் எனக்கு, லிட்டர் 1.99 வெள்ளி விலையில், இது சுமார் 11 வெள்ளி மிச்சம். டயர் விலையை இதைக் கொண்டு மட்டும் ஈடுகட்ட நினைத்தால் ஆறு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இனி ரோன் 97. இந்த எண் எரிபொருளின் ஆற்றலைக் குறிப்பதன்று. சிலிண்டருக்குள் அழுத்தப்படும்போது நேரத்துக்கு முன்பே வெடித்து இயந்திரத்தைத் தட்டாமல் தாங்கும் திறனையே குறிக்கிறது. ரோன் 95க்காகவே வடிவமைத்த இயந்திரத்தில் அந்தக் கூடுதல் தாங்குதிறனுக்கு அனேகமாக வேலையே இல்லை. மூன்று தொட்டி 95, மூன்று தொட்டி 97 என்று ஒரே நிலையத்தில், ஒரே குழாயில், தானாக நிற்கும் அளவோடு நிறுத்தி ஊற்றினேன். 97க்குக் கிடைத்தது 16.8. மழையும் நெரிசலும் ஒரே வாரத்துக்குள் இதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கிவிடும்.

கணவரின் நம்பிக்கையையும் சோதிக்காமல் விடவில்லை. எதை ஊற்றினேன் என்று சொல்லாமல் ஒரு சனிக்கிழமை வண்டியை அவரிடம் கொடுத்தேன். ஆயர் ஈத்தாம் வரை போய்வந்தவர், "காடி (வண்டி) இன்னிக்கு லேசா ஓடுது பாத்தியா? 97தானே?" என்றார். ரசீதை எடுத்து நீட்டினேன்: ரோன் 95, 27 லிட்டர். அன்று அவர் தனியாகப் போனார், பின்னிருக்கையில் பிள்ளைகள் இல்லை.

2025 செப்டம்பர் 30 அன்று பொதுமக்கள் அனைவருக்கும் நடைமுறைக்கு வந்த புடி95 என்ற அரசாங்க எண்ணெய் மானியத் திட்டத்தில், மைகாட் (அடையாள அட்டை) உள்ள தகுதியான குடிமக்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை ரோன் 95 லிட்டர் 1.99 வெள்ளி என்று வந்தது. ரோன் 97இன் விலையோ சந்தையைத் தொடர்ந்து வாரந்தோறும் மாறுவது. அதை லிட்டர் 3 வெள்ளி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் எனக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 18 காசு ஆகிறது. 95க்கு 12 காசு. மாதம் 70 வெள்ளி கூடுதல், பதிலுக்கு உணரக்கூடிய எதுவும் இல்லை. உயர் அழுத்த டர்போ இயந்திரம் வைத்திருப்பவர்களின் கதை வேறு. அவர்கள் தங்கள் கையேட்டைப் பார்க்கட்டும்.

கழற்றிய 15 அங்குல ரிம்கள் நான்கும் இன்னும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அடுக்கிக் கிடக்கின்றன. வாங்க ஒருவர் வந்து விலையும் கேட்டுப் போனார். கணவருக்குத்தான் இன்னும் மனம் வரவில்லை.