நாகர்கோவிலில் லாயத்துக்கே வந்து பார்க்கும் குதிரை மருத்துவச் சேவை: ஒரு மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆடு மாடுகளுக்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை. குதிரையின் வயிற்றைச் சோதித்துத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அந்த வகையில், நாகர்கோவிலிலிருந்து லாயத்துக்கே வந்து பார்க்கும் ஒரு தனியார் கால்நடை மருத்துவரின் சேவையைக் குதிரை வளர்ப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

தக்கலைக்கு அருகே நாங்கள் வளர்த்த முதிய பெண் குதிரை, கொள்ளும் புல்லும் தின்றுகொண்டிருந்தபோதே விலா எலும்பு தெரியுமளவு மெலிந்தது. அவ்வப்போது வயிற்றுவலியால் முன்காலால் தரையைப் பறித்தது. பிறகு அடிவயிற்றில் நீர் கோத்தது. முன்பு பார்த்தவர்கள் குடற்புழு மருந்தோடும் வலி ஊசியோடும் நிறுத்திக்கொண்டார்கள். இவர் அப்படி நிறுத்தவில்லை. நாடித்துடிப்பையும் ஈறின் நிறத்தையும் பார்த்து, ஆசனவாய் வழியாகக் கைவிட்டுச் சோதித்து, கையடக்க ஸ்கேன் கருவியில் குடல் சுவரை அளந்தார். 3 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய சிறுகுடல் சுவர் பல இடங்களில் வெகுவாகத் தடித்திருந்தது. 20 மீட்டருக்கு மேல் நீளும் சிறுகுடலில் கைக்கும் கருவிக்கும் எட்டுவது ஒரு பகுதிதான் என்பதை அவரே முதலில் எடுத்துச் சொன்னது எனக்கு மிகுந்த நம்பிக்கையைத் தந்தது.

இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருந்ததால், குடல் வழியே புரதம் கசிகிறது என்று சந்தேகித்தார். ஆகவே குடல் சத்தை உறிஞ்சுகிறதா என்று பார்க்க, இரவு முழுதும் தீனி நிறுத்தி, காலையில் மூக்குக் குழாய் வழியாக உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் வீதம் குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தி, இடைவெளி விட்டு இரத்தம் எடுத்தார். நலமான குதிரைக்கு இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை, தொடக்க அளவைவிட 85 சதவீதத்துக்கு மேல் உயர வேண்டும். எங்கள் குதிரைக்கு அது ஏறவே இல்லை எனலாம். இறுதியில் மலக்குடலிலிருந்து எடுத்த திசுவின் ஆய்வு, குதிரைகளின் குடற்கட்டிகளில் அதிகம் காணப்படும் லிம்போமா என்ற புற்றுநோயை உறுதிப்படுத்தியது. இந்தத் திசு ஆய்வு எல்லாக் குதிரைகளிலும் விடை தராது என்பதையும் அவர் முன்பே கூறியிருந்தார்.

முதிய குதிரைகளுக்கு வரும் மற்றொரு கட்டியைப் பற்றியும் பொறுமையாக விளக்கினார். குடலைத் தாங்கும் சவ்வில் வளரும் கொழுப்புக்கட்டி புற்றுநோய் அல்ல. ஆயினும் அது காம்போடு தொங்கி வளர்ந்து, அந்தக் காம்பு சிறுகுடலைச் சுற்றி இறுக்கிவிட்டால், இரத்த ஓட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாததால் இரைப்பையும் நிரம்பி வீங்கும். நாடி நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டி, ஊசி போட்டும் வலி அடங்காவிட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று அவர் கூறியதை லாயத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

சிகிச்சையிலும் அவர் வீண் நம்பிக்கை தரவில்லை. ஸ்டீராய்டு ஊசி சில காலம் தீனியையும் தெம்பையும் மீட்டுத் தரலாம், நோயைத் தீர்க்காது, குளம்பு அழற்சியைக் கொண்டுவரவும் கூடும் என்றார். அவர் சொன்னபடியே குதிரை சிறிது காலம் தேறியது. பின்பு மீண்டும் சரிந்தபோது, மேலும் வதைக்காமல் வலியின்றி அனுப்பிவைக்கும் முடிவை எங்களோடு அமர்ந்து பேசியே எடுத்தார். அந்த நேரத்தில் அவர் காட்டிய கனிவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. திசு ஆய்வு மாவட்டத்துக்கு வெளியே செல்வதால் முடிவு தாமதமாகிறது. கட்டண ரசீதில் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தொகை குறிப்பதில்லை. வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சை இச்சேவையில் இல்லை. சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியோ ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எனவே முதிய குதிரை வைத்திருப்பவர்கள், திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை வசதி குறித்து முன்கூட்டியே விசாரித்து, குதிரையை ஏற்றும் வண்டிக்கும் ஏற்பாடு செய்துவிட்டு, மெலிவு கண்ணில் பட்ட உடனேயே இவரை அழைப்பது நல்லது.