ஹார்ட் போட்ட படங்கள் ஆல்பத்தில் இல்லை: ஆன்லைன் செலக்ஷன் லிங்க் பற்றி ஓர் எச்சரிக்கை

கல்யாண ஆல்பத்துக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்க ஸ்டூடியோவிலிருந்து உங்களுக்கு ஒரு லிங்க் வந்திருந்தால், முதல் இதயக்குறியைப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2024 மாசியில் கும்பகோணத்தில் நடந்த என் தங்கையின் திருமணத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு ஸ்டூடியோவை அமர்த்தினோம். பேசிய தொகை 1,60,000 ரூபாய். முகூர்த்தத்தன்று மாலைக்குள் 1,44,000 ரூபாயைக் கொடுத்துவிட்டோம். மீதி 16,000 ரூபாய், ஆல்பம் கைக்கு வந்த பிறகு. புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் ஸ்டூடியோவின் பெயரை எழுதவில்லை.

ஏழு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் லிங்க்கும் நான்கு இலக்கப் பின் நம்பரும் வந்தன. திறந்தால் 4,380 படங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஸ்டூடியோவின் பெயர் குறுக்கே ஓடும் வாட்டர்மார்க், மூலையில் ஒரு இதயம். வேண்டிய படத்தின் இதயத்தைத் தொட்டு, மொத்தம் 150 படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் கல்யாணத்தின்போது உள்ளூர் ஸ்டூடியோக்காரர் எங்களைக் கணினி முன்னால் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நாங்கள் கை காட்டிய படத்தின் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டது நினைவுக்கு வந்தது; அதைவிட இது எவ்வளவோ வசதி என்றுதான் அன்று நினைத்தேன். தங்கை பெங்களூரில் இருக்கிறாள், அம்மா என்னோடு திருச்சியில் இருக்கிறார். உறவுக்காரர்களில் யார் விட்டுப்போனால் வருத்தப்படுவார்கள் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும் என்பதால் மாப்பிள்ளை அழைப்பும் முகூர்த்தமும் அம்மா பொறுப்பு, வரவேற்பும் வெளிப்புறப் படங்களும் தங்கை பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். அம்மா 90, தங்கை 60.

முதல் கோளாறு இங்கேதான். இதயத்தை முதன்முறை தொட்டதும் அந்தப் பக்கம் மின்னஞ்சல் முகவரி கேட்கும். அம்மாவுக்கு மின்னஞ்சல் கிடையாது என்பதால் என்னுடையதைக் கொடுத்தேன். தங்கை அவளுடையதைக் கொடுத்தாள். இத்தகைய ஆன்லைன் படக் கேலரிகளில் பலவும் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனிப் பட்டியலை வைத்துக்கொள்பவை என்பதும், எங்களுக்கு வந்த ஒரே லிங்க்குக்குப் பின்னால் இரண்டு பட்டியல்கள் உருவாகியிருந்தன என்பதும் எங்களுக்குத் தெரியாது. அதைத் தினமும் பயன்படுத்தும் ஸ்டூடியோவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் என் பெயரிலிருந்த பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, 60 படங்கள் குறைகின்றனவே என்று ஒரு வார்த்தை கேட்காமல், அந்த இடங்களை ஆல்பம் வடிவமைப்பவரை வைத்து அவர் விருப்பப்படி நிரப்பிவிட்டார்கள்.

இரண்டாவது கோளாறு இதைவிட மோசமானது. ஆல்பம் ஆகஸ்டில் வந்தது, விரித்தால் 12க்கு 36 அங்குலம். தாய்மாமன் தங்கைக்கு மாலை போடும் படம் இருக்க வேண்டிய பக்கத்தில், எங்களில் எவருக்கும் யாரென்று தெரியாத ஒரு பெரியவர் பந்தியில் அமர்ந்து பாயச டம்ளரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். அரைப் பக்கத்துக்கு அவர்தான். அம்மா தேர்ந்தெடுத்த 90 படங்களில் இப்படி 14 மாறியிருந்தன. தொலைபேசியில் கேட்டபோது, "நீங்க கேட்டது டிஎஸ்சி 2417 தானே சார், அதுதான் வந்திருக்கு" என்றார் மேலாளர். அவர் சொன்ன எண் சரிதான். அன்று படமெடுத்தவர்கள் இரண்டு பேர், இரண்டு கேமராக்கள். கேமரா தானாக வைக்கும் எண் பொதுவாக நான்கு இலக்கம், 9999 முடிந்தால் மறுபடி 0001. ஆகவே மேடையருகே ஒரு 2417, பந்தியில் இன்னொரு 2417 இருப்பதில் அதிசயமில்லை. கேலரியில் அவை வெவ்வேறு ஃபோல்டர்களில் இருந்ததால் எங்களுக்குக் குழப்பமில்லை. ஆனால் அங்கிருந்து இறக்கிய பட்டியலில் ஃபோல்டர் பெயர் இல்லை. வெறும் எண்களை லைட்ரூம் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் தேடல் கட்டத்தில் ஒட்டி, வந்ததில் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். இரண்டு கேமராக்களிலும் எண்ணுக்கு முன்னால் வரும் டிஎஸ்சி போன்ற எழுத்துகளை வேறு வேறாக வைப்பதோ, கணினியில் ஏற்றும்போதே பெயர் மாற்றுவதோ இந்தத் தொழிலில் அரிச்சுவடி.

தவறை நிரூபிக்க லிங்க்கைத் திறந்தால், கேலரியின் காலம் முடிந்துவிட்டது என்று வந்தது. 45 நாள் கெடு என்பது அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததாம். வாட்ஸ்அப் செய்தியில் அது இல்லை. மீண்டும் திறக்க 6,000 ரூபாய் கேட்டார்கள். அவர்கள் செய்த பிழையை அவர்களுக்கே காட்டுவதற்கு நான் பணம் கட்டினேன் என்பதை இப்போது எழுதும்போதுகூட எரிச்சலாக இருக்கிறது.

கேலரியிலிருந்து தரவிறக்கினோமே, படங்கள் நம்மிடம்தானே இருக்கின்றன என்று யாரும் இருந்துவிட வேண்டாம். நாங்கள் இறக்கியவற்றின் நீளம் 2048 பிக்சல்தான். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அது ஏழு அங்குலத்துக்குக்கூட வராது. அந்த ஆல்பத்தின் அரைப் பக்கமான 18 அங்குலத்துக்கு 5,400 பிக்சல் வேண்டும். எனவே அசல் படங்களை ஹார்டு டிஸ்க்கில் தரும்படி கேட்டேன். படங்களின் காப்புரிமை ஸ்டூடியோவுடையது, தனிக் கட்டணம் ஆகும் என்றார்கள். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்று எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில் மாறாக எதுவும் இல்லை. (உங்களுடையதில் இருக்கக்கூடும், கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.) பிரிவைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பத்தாம் நாள் டிஸ்க் வந்தது. ஆல்பத்தை மாற்றித் தர மட்டும் மறுத்துவிட்டார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டும் அவர்கள் இறங்கி வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றிருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். என் கையிலிருக்கும் சான்று, மறுபடி திறந்த கேலரியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்கள்தான். இதையே முதலில் செய்திருக்க வேண்டும்: குடும்பத்துக்கு ஒரே மின்னஞ்சலில் குறி போட்டு, முடித்ததும் ஃபோல்டர் பெயரும் படத்தின் எண்ணும் தெரியும்படி ஒவ்வொரு திரையையும் படமெடுத்து, அந்தப் பட்டியலை ஸ்டூடியோவுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டோம் என்று எழுத்தில் பதில் வாங்கியிருக்க வேண்டும். வடிவமைத்த பக்கங்களைக் காட்டி ஒப்புதல் பெறாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்றும், அசல் படங்கள் வந்த பிறகே பெருந்தொகை என்றும் பேசியிருக்கலாம். கல்யாண வீட்டில் இதையெல்லாம் யார் யோசித்தார்கள்?

டிஸ்க்கில் மாப்பிள்ளை அழைப்பு ஃபோல்டர் இல்லை. அந்த மாலையின் படங்கள் இருந்த அவர்களுடைய டிஸ்க் பழுதாகிவிட்டதாம், இரண்டாவது நகல் எடுத்து வைக்கவில்லையாம். கேலரியிலிருந்து இறக்கிய 412 சிறு படங்கள்தான் இப்போது எங்களிடம் மிஞ்சியிருப்பவை. அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கும் படமும் அவற்றில் இருக்கிறது. முகத்தின் குறுக்கே, கண்ணுக்கு மேலே ஸ்டூடியோவின் பெயர்.