பழைய கார் சீட்: காப்பாற்றுவதா, ரெடிமேட் உறையா, நாமே தைப்பதா?

பழைய காரின் சீட்டில் நாலு வெடிப்பு தெரிந்ததுமே "லெதர் போடலாமா, ரெக்சின் போடலாமா" என்று ஆரம்பித்துவிடுகிறோம். அது இரண்டாவது கேள்வி. இருக்கும் உறையையே காப்பாற்றுவதா, அந்த மாடலுக்கென்றே தைத்து வரும் ரெடிமேட் உறையை வாங்கி மாட்டுவதா, இல்லை பழையதைப் பிரித்து அதையே அளவாக வைத்து நாமே தைப்பதா என்பதுதான் முதல் கேள்வி. மூன்றையும் வெவ்வேறு சீட்டுகளில் செய்து பார்த்துவிட்டேன், அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

காப்பாற்றுவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் அவசரப்பட்டுத் தள்ளிவிடுகிறார்கள். பழைய லெதரில் நாம் பார்க்கும் வெடிப்புகளில் பெரும்பகுதி மேலே இருக்கும் நிறப் பூச்சில்தான் இருக்கும், தோல் உள்ளே நன்றாகவே இருக்கலாம். தையல் ஓரத்தில் ஒரு மூலையைப் பிடித்து மடக்கிப் பாருங்கள், மெதுவாக இழுத்தும் பாருங்கள். வளைந்து கொடுத்தால் பிழைக்கும். காகிதம் மாதிரி கிழிந்தால் நார் செத்துவிட்டது, எந்த எண்ணெயும் அதை எழுப்பாது. பிழைக்கும் தோலை நன்றாகக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, வெடிப்பை மென்மையான உப்புத்தாளால் தேய்த்து, வளையும் தன்மையுள்ள ஃபில்லரை மிக மெல்லிசாக நிரப்பி, தண்ணீரில் கரையும் லெதர் நிறத்தை மெல்லிய கோட்டுகளாக அடிக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாக அடித்தால் அந்தப் பூச்சே மறுபடி வெடிக்கும். தையலையும் விட்டுவிடாதீர்கள்: பருத்தி நூலாக இருந்தால் தோலுக்கு முன்னாலேயே அது இற்றுப்போயிருக்கும்.

இன்னொன்று, பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நாம் உட்காரும் முகப்பில் மட்டும்தான் லெதர், பக்கவாட்டிலும் முதுகிலும் ரெக்சின். இரண்டுக்கும் ஒரே லெதர் பூச்சை அடித்தால் ஒன்றில் ஒட்டும், மற்றதில் உரியும். ரெக்சினுக்கென்று இருக்கும் பெயின்ட்டைத் தனியாக வாங்குங்கள்.

ரெக்சின் சீட்டைக் காப்பாற்ற நான் மெனக்கெடமாட்டேன். பிவிசி மேற்பூச்சை மென்மையாக வைத்திருக்கும் பொருள் வருடக்கணக்கில் வெளியேறிப் போவதால்தான் அது விறைத்து உடைகிறது, போனதைத் திரும்ப உள்ளே செலுத்த வழியில்லை. ஒரு சின்னக் கிழிசல் என்றால் அடியில் துணி வைத்து ஒட்டலாம், அவ்வளவுதான்.

சரி, ரெடிமேட் உறை. இது சோம்பேறிகளின் வழி என்று ஒரு பேச்சு உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. 1960களின் கார்கள் பலவற்றில் சீட்டின் நடுவே இருக்கும் வரிகளும் பூ வடிவங்களும் தைத்தவை அல்ல, சூடாக்கி அழுத்திப் பதித்தவை. 1965-66 ஃபோர்டு மஸ்டாங்கில் சீட் முதுகில் ஓடும் குதிரைகளை நினைத்துக்கொள்ளுங்கள், அதை எந்தத் தையல் மெஷினாலும் வீட்டில் கொண்டுவர முடியாது. அப்படிப்பட்ட சீட்டுக்கு அச்சு வைத்திருப்பவர்களிடம் வாங்குவதுதான் நேர்மையான வழி. ஆனால் ரெடிமேட் உறை புது ஃபோமின் பருமனுக்கு வெட்டப்பட்டது. நான் முதல் சீட்டில் அமுங்கிப்போன பழைய ஃபோமின் மேலேயே மாட்டினேன், தொடைப் பக்கமெல்லாம் தொளதொளவென்று சுருக்கம், எவ்வளவு இழுத்தும் போகவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, ஃபோமை மாற்றி, மறுபடி மாட்டிய பிறகுதான் உறை உட்கார்ந்தது.

மாட்டும்போது உறையைச் சட்டத்தோடு பிணைப்பது ஹாக் ரிங் எனப்படும் கம்பி வளையங்கள். அதற்கென்றே இருக்கும் பிளையர் இல்லாமல் இறங்காதீர்கள், சாதாரணக் கட்டிங் பிளையரில் வளையம் நழுவி விரலைத்தான் பதம் பார்க்கும். பழைய உறையின் ஓரத்தில் ஓடும் கம்பிகளையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள், புது உறையில் பெரும்பாலும் அவை வராது. நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். மாட்டுவதற்கு முன்னால் உறையை அரை மணி நேரம் வெயிலில் விரித்து வைத்தால் பாதி வேலை சுலபமாகிவிடும்.

நாமே தைப்பதுதான் எனக்குப் பிடித்தது, கஷ்டமும் இதில்தான். பழைய உறையைப் பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு தையலின் குறுக்கேயும் விரற்கடைக்கு ஒரு கோடு போட்டு எண் எழுதுங்கள். பிரித்த பிறகு எல்லாத் துண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், வளைவான துண்டை நேர்த் துண்டோடு சேர்க்கும்போது அந்தக் கோடுகள்தான் வழி சொல்லும். பழைய துண்டு வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும், அதனால் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டு, குறைவாகத் தேய்ந்த பக்கத்தை அளவாக எடுங்கள்.

வீட்டுத் தையல் மெஷின் போதுமா? மெல்லிய ரெக்சின் இரண்டு அடுக்கு வரை தைக்கும். ஓரத்தில் பைப்பிங், அதாவது கயிற்றைச் சுற்றி மடித்த பட்டை, வைத்தால் நான்கு அடுக்கு, மூலை சேரும் இடத்தில் இன்னும் கூடும், அங்கே ஊசி வளைந்துவிடும். மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மெஷின் ஒன்றை இரவல் வாங்கியாவது தைப்பது நல்லது. நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், நைலானைவிட வெயிலைத் தாங்கும். தையல் நீளம் 4 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கலாம். நெருக்கித் தைத்தால் உறுதி என்று தோன்றும், ஆனால் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை விழுந்து அந்த வரியிலேயே கிழியும். லெதரில் விழுந்த ஊசி ஓட்டை மூடவே மூடாது, ஆகவே குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள்.

இப்போது லெதரா ரெக்சினா என்ற கேள்விக்கு வரலாம். ஒரு முழு மாட்டுத்தோல் சுமார் 50 சதுர அடி வரும், ஆனால் அத்தனையும் ஒரே தரம் இல்லை. முதுகுப் பகுதி இறுக்கமானது, உட்காரும் இடத்துக்கு அதைத்தான் வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதி இழுபடும், பக்கவாட்டுக்குப் போகட்டும். தழும்பு, பூச்சிக்கடி எல்லாம் தவிர்த்து வெட்டினால் கணிசமாக வீணாகும். ரெக்சினில் இந்தத் தொல்லையே இல்லை, சுருளில் முதல் முழமும் கடைசி முழமும் ஒன்றுதான். முதல் முறை தைப்பவர் ரெக்சினில் தைக்கட்டும் என்பது என் கருத்து, காரில் முதலில் லெதர் இருந்திருந்தாலும்கூட. துணி உறை வெயில் காலத்தில் உடம்புக்குச் சுகம், தைக்கவும் சுலபம், நிறம் வெளுப்பதும் கறை பிடிப்பதும்தான் குறை.

எந்த வழியில் போனாலும் உறைக்கு அடியில் இருப்பதைப் பார்க்காமல் மூடாதீர்கள். ஸ்பிரிங்கின் மேல் நேராக ஃபோமை வைத்தால் ஸ்பிரிங் அதை அரைத்துத் தூளாக்கிவிடும், நடுவே சாக்குத்துணி கட்டாயம். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் இருப்பது நாரால் ஆன மெத்தை. அதை எடுத்துவிட்டுக் கனமான ஃபோமை வைத்தால் உட்காரும் உயரம் மாறும், ஸ்டியரிங் தொடையில் இடிக்கும். நார் மெத்தை உதிராமல் இருந்தால் அதை வைத்துக்கொண்டு மேலே ஒரு மெல்லிய ஃபோம் மட்டும் சேர்ப்பேன். எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பட்டைகள், அவை தொய்ந்திருந்தால் புது உறை போட்டும் பள்ளத்தில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் காரின் உள்ளே கூரையை மூடியிருக்கும் கூரைத்துணி. கம்பிகளில் தொங்கும் பழைய வகையில் ஒவ்வொரு கம்பியின் வளைவும் வேறு, கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக எண் ஒட்டிவிடுங்கள். ஓரங்களை ஒட்ட சாதாரண ஸ்ப்ரே பசை வேண்டாம், வெயிலில் நிற்கும் காரின் கூரைச் சூட்டில் அது இளகி, துணி தலையில் வந்து விழும். சூடு தாங்கும் பசையை வாங்கி, நான்கு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். சீட்டுகளைத் திரும்ப உள்ளே ஏற்றுவது இதற்கும் கார்ப்பெட்டுக்கும் அப்புறம்தான், அதுவும் தரைத் தகட்டில் துரு இருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு.