கொத்து நல்லாத்தான் இருக்கு, ஆனா பின்பக்கம் போய் பாருங்க

நானுஓயா பக்கம் ஆத்தோரக் கடை, பேர் போடல. கொத்துக்கு ரொட்டிய பொடியா வெட்டி கறிய தாராளமா போடுறாங்க, பிளேன்டீயும் இஞ்சி தட்டிப் போட்டு சூடா வருது, குறை சொல்ல ஏலாது. ஆனா கை கழுவ பின்னுக்கு போனா குசினிலேருந்து ஒரு பைப் நேரா ஆத்துக்குள்ள, எண்ணெய் படலம் அப்படியே மிதக்குது, சோத்துப் பருக்கையும் சேர்ந்து, அந்தத் தண்ணி கொத்மலை ஓயா வழியா மகாவலிக்குத்தானே போகுது! 1980ம் ஆண்டு 47ம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துல நீர்நிலைய அழுக்காக்குறது குற்றம், கழிவு விடுற குறிப்பிட்ட தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை லைசன் முறை வச்சிருக்கு, சின்னத் தொழில்னா பிரதேச சபையே குடுக்கும். இங்க சுவத்துல வியாபார லைசன் மட்டும் ஃபிரேம் போட்டு தொங்குது. முதலாளிகிட்ட கேட்டா "எல்லாரும் அப்புடித்தானே தம்பி"ங்கிறாரு. மூணு ஸ்டார், அதுவும் கொத்துக்கு மட்டும்.