சொந்த பிரிண்டரா, கட்டர் மட்டும் போதுமா?

மலேசியாவில் பேனர், ஸ்டிக்கர், பலகை செய்து தரும் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் என் பேனர் அடிக்கும் எக்கோ சால்வன்ட் பிரிண்டரை 3,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றேன். வாங்கியபோது விலை 13,000 வெள்ளி, அதுவும் செகண்ட் ஹேண்ட். நாலு வருடம் வைத்திருந்தேன். இப்போது கடையில் இருப்பது ஸ்டிக்கர் படலத்தை வெட்டும் 24 அங்குல கட்டர் ஒன்று, ஒரு கணினி, பெரிய மேசை, அவ்வளவுதான். பேனர், பந்திங் (தொங்கவிடும் நீளப் பேனர்), படம் போட்ட ஸ்டிக்கர் எல்லாம் ஈப்போவில் கடைக்காரர்களுக்கென்றே அடித்துத் தருகிற ஓர் இடத்துக்குப் போய், மறுநாள் வந்துவிடும். "மெஷினை வித்துட்டீங்களாமே, கடையை மூடப் போறீங்களா அண்ணே?" என்று கேட்டவர்கள் உண்டு. மூடவில்லை. மாதக் கடைசியில் கையில் நிற்கிற காசு இப்போதுதான் கொஞ்சம் கூடுதல்.

ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இது பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி, சுற்றிலும் தோட்டங்கள் உள்ள சின்ன ஊருக்கான கணக்கு. கிள்ளான் மாதிரிப் பெரிய ஊரில் கடை போடுகிறவர் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முகம், சாமி படம், நிறம் கலந்து மாறும் பின்னணி எல்லாம் பிரிண்டரால்தான் முடியும். கட்டர் ஒரே நிற வினைல் ஸ்டிக்கர் படலத்தில் எழுத்தையும் வடிவத்தையும் வெட்டும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கட்டர் விலை குறைவு, இடமும் குறைவு. கடைப் பலகை என்றால் எந்த வழியில் செய்தாலும் மலாய் வாசகத்துக்கு தேசிய மொழி அமைப்பான டேவான் பகாசாவின் ஒப்புதலும் நகராண்மைக் கழக உரிமமும் வேண்டும், அதில் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் இருப்பது ஹெட்டில், அதாவது பிரிண்டரில் மையைத் தெளிக்கிற பகுதியில். பிரிண்டர் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், வேகத்தைக் கேட்கிறார்கள். "வேலை இல்லாத நாளில் இது என்ன செய்யும்?" என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

எக்கோ சால்வன்ட் மை காய்கிற மை. முடி அளவுகூட இல்லாத துளைகள் வழியாக வருகிறது. தினமும் ஓடினால் பிரச்சினை இல்லை, ஓடாவிட்டால் துளைக்குள்ளேயே இறுகும். அதனால் காலையில் கடை திறந்ததும் நாசில் செக் (எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று காட்டும் சோதனைக் கோடுகள்) அடித்துப் பார்க்க வேண்டும். கோடு விட்டிருந்தால் துளைகளைக் கழுவ கிளீனிங் போட வேண்டும். ஒவ்வொரு கிளீனிங்கிலும் காசு கொடுத்து வாங்கிய மை கழிவுப் போத்தலுக்குப் போகிறது. ஹெட்டைத் துடைக்கிற வைப்பர், ஓடாதபோது அதை மூடி வைக்கிற கேப் இரண்டையும் அடிக்கடி துடைக்க வேண்டும், ஹெட்டுக்கு மை போகும் வழியில் உள்ள டாம்பரை மாற்ற வேண்டும். தீபாவளிக்குக் கடை மூடினாலும் மின்சாரத்தை அணைக்கக் கூடாது, மெஷின் தானே அவ்வப்போது சுத்தம் செய்துகொள்ளும். அதுவும் மைதான்.

நம் ஊர் சாயங்கால இடிமழை வேறு. கரண்ட் போனால் ஹெட் பாதி வழியில் நின்றுவிடும். கேப்பில் போய் உட்காராத ஹெட் திறந்த மைப் போத்தல் மாதிரி. கடையில் ஆள் இருந்தால் கையால் தள்ளிக் கேப்புக்குக் கொண்டு போகலாம். ஆள் இல்லாத நேரத்தில் போனால் போனதுதான்.

இரண்டாவது வருடம் குடும்பத்தோடு பழனிக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தேன். கிளம்பும்போது பழக்க தோஷத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன். வந்து பார்த்தால் மெஜெந்தா பாதி வரவில்லை. கிளீனிங், மருந்து, ஊசி வைத்து இழுப்பது எல்லாம் செய்தும் நடக்கவில்லை. புது ஹெட் 4,800 வெள்ளி. விமான டிக்கெட் மலிவு என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, அது என் தவறு, விட்டுவிடுவோம். தவறே செய்யாமல் இருந்தாலும் கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். 4க்கு 10 அடி பேனர் என்றால் 40 சதுர அடி. வெளியே அடித்தால் எனக்குச் சதுர அடி 1 வெள்ளி 20 சென். சொந்தமாக அடித்தபோது துணியும் மையும் சேர்த்து 70 சென். ஒரு பேனருக்கு 20 வெள்ளி மிச்சம். ஆனால் கிளீனிங் மை, உதிரி பாகம், ஈப்போவிலிருந்து வருகிற மெக்கானிக் கூலி எல்லாம் சராசரியாக மாதம் 400 வெள்ளி ஆனது. அதாவது மாதத்தில் முதல் 20 பேனர்கள் மெஷினுக்குத் தீனி. 21வது பேனரிலிருந்துதான் எனக்கு. தைப்பூசம், பங்குனி உத்திரம், பள்ளி விளையாட்டுப் போட்டி நடக்கும் மாதங்களில் 50, 60 கூட வரும். நடுவில் உள்ள மாதங்களில் 8 வந்தால் அதிகம். அந்த மாதங்களில்தான் ஹெட்டும் அடைக்கும். வேலை இல்லாத கட்டர் சும்மா கிடக்கும். வேலை இல்லாத பிரிண்டர் மை குடிக்கும்.

"அவசர வேலைக்குச் சொந்த மெஷின் இருந்தால் நல்லதுதானே?" என்பார்கள். பேனருக்குச் சரி. ஆனால் ஸ்டிக்கரை லேமினேட் செய்வதென்றால், அதாவது மேலே பாதுகாப்புப் படலம் ஒட்டுவதென்றால், எக்கோ சால்வன்ட் பிரிண்ட்டை ஒரு நாளாவது காற்றாட விட வேண்டும். உடனே மூடினால் உள்ளே சால்வன்ட் தங்கி, பசை இளகி, ஓரம் சுருளும். ஒரு நாள் எப்படியும் போகிறது, அந்த ஒரு நாளில் ஈப்போவிலிருந்தே வந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் நிஜமான அவசர வேலை லோரிதான். நாளைக்கு புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை, கதவில் கம்பெனிப் பெயரும் சுமையோடும் சுமையில்லாமலும் உள்ள எடையும் (BDM, BTM) தெளிவாக இல்லை என்று இன்று மாலை நான்கு மணிக்கு வந்து நிற்பார்கள். வெட்டி, ஒட்டி, ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடலாம். தோட்டத்து வேலையும் அப்படித்தான். மருந்துக் கொட்டகைக்கு எச்சரிக்கைப் பலகை, பிளாக் எண், ஆண்டு போட்ட பலகை. வெட்டிய வினைலில் நிறம் படலம் முழுக்க ஊறியிருப்பதால், மேலே தூவிய மை மாதிரி வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. வினைல் கம்பெனிகள் சொல்லும் ஆயுளை அப்படியே வாடிக்கையாளரிடம் ஒப்பிக்காதீர்கள். ஒரகால் போன்றவை சொல்வது மத்திய ஐரோப்பியத் தட்பவெப்பத்தில், செங்குத்தாக ஒட்டியதற்கு. நம் வெயிலில் லோரி பானட்டில் ஒட்டியதற்கு நான் பாதிதான் சொல்வேன்.

தமிழ் எழுத்து வெட்டுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். எழுத்தை வளைகோடாக மாற்றியபின் கட்டாயம் வெல்ட் செய்யுங்கள், அதாவது வடிவங்களை ஒன்றாக இணைத்துவிடுங்கள். கொம்பும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற எழுத்துருக்களில், வெல்ட் செய்யாவிட்டால் கத்தி எழுத்தின் நடுவிலேயே ஓடிவிடும். அப்புறம் புள்ளி. சின்ன எழுத்தில் மெய்ப்புள்ளி 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உரிக்கும்போதே பறந்துவிடும், நான் கொஞ்சம் பெரிதாக்கித்தான் வெட்டுவேன். தேவையில்லாத வினைலை உரித்தெடுப்பதற்கு இந்தத் தொழிலில் பெயரே களையெடுப்பது. எனக்கு அதைச் செய்து தருகிற அக்கா இருபது வருடம் தோட்டத்தில் நிஜமாகவே களையெடுத்தவர். என்னைவிட இரண்டு மடங்கு வேகம்.

வெளியே அடிப்பதில் வலி இல்லாமல் இல்லை. 2025இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 29, தைப்பூசம் பிப்ரவரி 11. அச்சுக் கடை விடுமுறை முடிந்து திறந்தபோது வரிசையில் எனக்கு முன்னால் பேராக் முழுவதும் நின்றது. தண்ணீர்ப் பந்தல் பேனர்கள் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு முதல் நாள் இரவுதான் போய்ச் சேர்ந்தன. இரங்கல் பேனர் இன்னும் கஷ்டம். காலையில் இறந்தவருக்கு மறுநாள் பேனர் எதற்கு? அந்த மாதிரி வேலைகளைப் பக்கத்து ஊரில் மெஷின் வைத்திருக்கும் ஒருவருக்குக் கைகாட்டிவிடுகிறேன். மாதம் மூன்று நான்கு வேலை அப்படிப் போகிறது, அது நஷ்டம்தான்.

லேட்டக்ஸ் பிரிண்டர் இந்தக் குறைகளையெல்லாம் தீர்க்கும் என்கிறார்கள். (ரப்பர் பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செயற்கைப் பாலிமர் கலந்த, தண்ணீர் அடிப்படையிலான மை.) சூட்டில் காய்ந்தே வெளியே வருவதால் உடனே லேமினேட் செய்யலாம், ஹெட்டை நாமே கழற்றி மாற்றலாம். ஆனால் நான் அதை ஈப்போவில் நின்று பார்த்ததோடு சரி, சொந்தமாக ஓட்டியதில்லை. சூடு போடுகிற மெஷின் என்பதால் கரண்ட் பில்லை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாதா மாதம், வேலை குறைவான மாதத்திலும், 30 பேனர் நிச்சயம் என்றால் பிரிண்டர் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். செகண்ட் ஹேண்ட் என்றால் காலையில், விற்கிறவர் கடை திறக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். கிளீனிங் போடுவதற்கு முன் நாசில் செக் அடிக்கச் சொல்லுங்கள். என் மெஷினை வாங்க வந்தவர் மாலை ஐந்து மணிக்குத்தான் வந்தார். மதியமே இரண்டு தடவை கிளீனிங் போட்டு வைத்திருந்தேன்.