துலிப்பா, டாஃபடிலா? டொரண்டோ வளவுக்கு என் ஓட்டு

செப்டம்பர் பிறந்ததும் டொரண்டோ கடைகளில், இலையுதிர்காலத்தில் நட்டால் வசந்தத்தில் பூக்கும் துலிப், டாஃபடில் கிழங்குப் பைகள் வந்து குவியும். பையில் உள்ள படத்தைப் பார்த்தால் கை துலிப்பைத்தான் எடுக்கும். எங்கள் முன்வளவில் இரண்டையும் வைத்துப் பார்த்தாயிற்று. இப்போது புதிதாக வாங்குவது டாஃபடில் மட்டும்தான்.

அழகில் போட்டியே இல்லை. துலிப்பில் நல்ல நீலம் தவிர ஏறக்குறைய எல்லா நிறமும் உண்டு. டாஃபடில் மஞ்சள், வெள்ளை, கொஞ்சம் செம்மஞ்சள், அவ்வளவுதான். நடுகிற முறையும் ஒன்றே: கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம், கூர்முனை மேலே, வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத இடம். டாஃபடிலை அக்டோபருக்குள் நட்டுவிட வேண்டும், வேர் பிடிக்க நேரம் தேவை. துலிப் நவம்பர் வரை பொறுக்கும்.

விஷயம் முதல் பூவுக்கு அடுத்த வருடத்தில்தான் இருக்கிறது.

துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசிய மலைச்சரிவுகள். அங்கே கோடையில் மண் காய்ந்து கிடக்கும். பூத்து முடிந்ததும் தாய்க்கிழங்கு தீர்ந்துபோக, அந்த இடத்தில் குட்டிக் கிழங்குகள் உண்டாகும். காய்ந்த கோடையில் அவை பருத்து மறுபடி பூக்கும். இங்கோ கோடையிலும் மழை, அது போதாதென்று நாமே பக்கத்துச் செடிகளுக்குக் குழாயைத் திறந்துவிடுகிறோம். கிழங்கு சின்னச் சின்னதாகப் பிரிந்து, சில வருடங்களில் வெறும் இலைதான் மிஞ்சும். ஒட்டாவாவின் புகழ்பெற்ற துலிப் பாத்திகளைப் பாருங்கள். 1945இல் நெதர்லாந்து இளவரசி யூலியானா அனுப்பிய ஒரு லட்சம் கிழங்கில் தொடங்கிய கதை அது. அங்கேயும் இலையுதிர்காலம் வந்தால் புதுக் கிழங்குதான் நடுகிறார்கள். அது அரசாங்கக் காசு. நமக்குக் கட்டுமா?

அடுத்தது அணில். ஊரில் பார்த்த கோடு போட்ட சின்ன அணில் இல்லை. இது பூனைக்குட்டி அளவு, கறுப்பு. புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் போதும், துலிப் கிழங்கைத் தோண்டித் தின்றுவிடும். கம்பிவலை விரிக்கலாம், கோழி எருவும் தூவலாம். அதையெல்லாம் தாண்டி முளைத்தாலும், மே மாதத்தில் பூவைக் கடித்துத் துண்டாக்கிப் போட்டுவிட்டுப் போகும். டாஃபடிலிலோ லைகோரின் என்ற நச்சு இருக்கிறது. அணில், முயல், மான் எதுவும் அதைத் தின்ன வராது. வலை வேண்டாம், எரு வேண்டாம், காவல் வேண்டாம்.

அந்த நச்சு நமக்கும்தான். கிழங்கு பார்க்க வெங்காயம் போலவே இருக்கும், ஆகவே குசினிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சாறு பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும், கையுறை போடுவது நல்லது. வெட்டிய டாஃபடிலை உடனே துலிப்போடு ஒரே சாடியில் வைத்தால், அதன் சாறு துலிப்பைச் சீக்கிரம் வாட்டிவிடும்.

பராமரிப்பு என்று பார்த்தால், வாடிய பூவைக் கிள்ளிவிட்டு, இலை தானாக மஞ்சளாகும்வரை ஆறு வாரம்போல விட்டுவிட வேண்டும். பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். அதற்காக இலையைப் பின்னி முடிச்சுப் போடாதீர்கள், அடுத்த வருடப் பூவுக்கான உணவை அதுதான் சேர்க்கிறது. டாஃபடில் வருடாவருடம் கொத்தாகப் பெருகும். நெருக்கம் கூடிப் பூ குறைந்தால், இலை காய்ந்த பிறகு தோண்டிப் பிரித்து அயல்வீட்டுக்கும் கொடுக்கலாம். வகை கேட்டால் 'டெட்-அ-டெட்' (Tête-à-Tête) என்பேன்: குட்டையானது, ஏப்ரல் காற்றுக்குச் சாயாது.

துலிப்பிலும் விதிவிலக்கு உண்டு. டார்வின் கலப்பினங்கள் மற்றவற்றைவிடக் கூடுதல் வருடம் தாக்குப்பிடிக்கும். 'டார்டா' என்ற குட்டைக் காட்டு வகை எங்கள் வீட்டில் சுவரோரம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அது கூரையின் மறைவில் மழை படாத மூலை, அதனால் பெருமை பூவுக்கா இடத்துக்கா என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

துலிப் இல்லாமல் மனம் ஆறாது என்றால் சரி, வாசலருகே ஒரு சின்னப் பாத்திக்கு மட்டும் வாங்கி, வலை விரித்து, ஒரு வருடப் பூ என்றே நினைத்து நடுங்கள். பூ முடிந்ததும் கிழங்கைப் பிடுங்கிவிட்டால், மே கடைசியில் அந்த இடத்திலேயே மிளகாய்க் கன்று வைக்கலாம்.