பச்சையை விரட்டப் போய்ப் பழுப்பை அழைத்து வந்தேன்: ரீஃப் தொட்டியோடு நான்கு ஆண்டுகள்

என் பவளத் தொட்டித் தண்ணீரில் பாசிக்குத் தீனியான பாஸ்பேட் துளியும் இல்லை என்று மீட்டர் 0.00 காட்டிய அன்று இரவு வீட்டில் எல்லாருக்கும் ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தேன். எட்டு மாதமாகப் பச்சை மயிர்ப்பாசியோடு மல்லுக்கட்டியவனுக்கு அது பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. மூன்றாவது வாரமே மணல்மேல் பழுப்பாக, மூக்குச்சளி போல ஒன்று படர ஆரம்பித்தது. வாங்கிக் கொடுத்த ஐஸ்க்ரீமை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தொட்டி சிங்கப்பூரில், நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் கூடத்தில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் வைத்தேன். மூன்றடி நீளம், கீழே ஸம்ப் என்ற உபகரணத் தொட்டி, இரண்டும் சேர்த்து 240 லிட்டர். இந்த ஊர் வெயிலுக்கு சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் பவளம் வளர்ப்பது கஷ்டம். 26 டிகிரியில் ஓடுகிறது. இரண்டு க்ளவுன் மீன், ஒரு ப்ளென்னி, பவள வகையில் கொஞ்சம் ஜோவாந்திட், ஒரு ஹாமர், ஒரு டார்ச். பாறை மட்டும் காய்ந்த பாறை, 20 கிலோ. கடலிலிருந்து உயிர்களோடு எடுத்துவரும் உயிர்ப்பாறையில் வேண்டாத புழுவும் நண்டும் ஏறி வரும் என்று பயந்து அதை வாங்கினேன். பின்னால் வந்த பாதித் தலைவலிக்கு இதுதான் வேர். காய்ந்த பாறையில் இடத்தைப் பிடித்துக்கொள்ள நல்ல பாக்டீரியாவும் இளஞ்சிவப்புக் கோரலைன் பாசியும் இருக்காது. காலி மனையில் முதலில் முளைப்பது எருக்கஞ்செடிதானே.

முதலில் டயாட்டம் என்ற நுண்பாசி வந்தது. கண்ணாடியெல்லாம் பழுப்புத் தூள். புதுத் தொட்டிக்கு வரும், தானே போகும், போனது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

2022 பிப்ரவரியில் மயிர்ப்பாசி தொடங்கியது. ஏப்ரலில் பாறைகள் புல்தரை ஆகிவிட்டன. ஜோவாந்திட் மொக்குகளுக்கு நடுவில் முளைத்து, அவற்றை விரியவிடாமல் அமுக்கியது. அப்போது ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், நான் டூத் பிரஷ்ஷோடு தொட்டிக்குள் முழங்கை வரை கை விட்டு நிற்பதைப் பார்த்து, “ஏன் மாப்ள, கொளத்துல பாசி இருந்தாத்தானே கெண்ட கொழுக்கும்? நீங்க எதுக்கு அத சொரண்டிக்கிட்டே இருக்கீங்க?” என்றார். சிரித்துவிட்டேன். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது என்று தெரிய ஒரு வருடம் ஆனது.

காரணம் தேடியபோது முதலில் மாட்டியது என் சோம்பல்தான். இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமைன் என்ற கிருமிநாசினி இருக்கும். அதனால் கார்பன், ஆர்ஓ, டிஐ ரெசின் என்ற வடிகட்டிகள் எல்லாம் தாண்டித்தான் தண்ணீர் தொட்டிக்குப் போக வேண்டும். என்னிடம் எல்லாம் இருந்தது. ஆனால் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை மூன்று மாதமாகத் தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்த அன்று பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 11. ரெசின் தீர்ந்துபோயிருந்தது. ரெசின் தீரும்போது முதலில் நழுவி வருவது சிலிக்கேட் போன்ற பிடிமானம் குறைந்த சரக்கு, பின்னாலேயே பாசியின் இன்னொரு தீனியான நைட்ரேட்டும் வரும். நான் ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட ஊற்றும்போதெல்லாம் பாசிக்குத் தவணை முறையில் தீனி போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் புரியாமல் இருந்தது. பாறை முழுக்கப் பாசி, டெஸ்ட்டிலோ பாஸ்பேட் வெறும் 0.04. மீட்டர் பொய் சொல்கிறது என்று நினைத்தேன். அது தண்ணீரில் மிச்சம் இருப்பதை மட்டும்தான் சொல்லும். பாசி தின்றுவிட்டதை எப்படிச் சொல்லும்? இந்த ஒரு விஷயத்தை அன்றே விளங்கிக்கொண்டிருந்தால் அடுத்த கூத்து நடந்திருக்காது.

கடையில் ஒரு அங்கிள், “ஜிஎஃப்ஓ போடு, பாஸ்பேட்டைச் சுழியாக்கு, பாசி பட்டினியில் சாகும்” என்றார். ஜிஎஃப்ஓ என்பது இரும்பு ஆக்சைடு குருணை. தண்ணீரிலிருந்து பாஸ்பேட்டை உறிஞ்சும். ரியாக்டரில் நிறையப் போட்டேன். கூடவே நுரையில் கழிவை வழித்தெடுக்கும் ஸ்கிம்மரை முடுக்கி, மீன் தீனியைப் பாதியாகக் குறைத்தேன். பாசி வெளிறி உதிர்ந்தது உண்மை. அக்டோபரில் பாஸ்பேட் 0.00. நைட்ரேட் கிட்டில் நிறமே ஏறவில்லை. இதில் ஒரு வேடிக்கை, என்னுடைய ஹன்னா மீட்டரின் துல்லியமே கூடக்குறைய 0.02தான். அந்த 0.00ஐ நம்பித்தான் ஐஸ்க்ரீம்.

அப்புறம் வந்தது டைனோ, தண்ணீரில் சத்து சுழியாகி மற்ற பாசிகள் பட்டினியில் செத்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒற்றைச்செல் உயிர். டைனோஃபிளாஜெல்லேட் என்று முழுப்பெயர் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. காலையில் மணல் ஓரளவு வெள்ளையாக இருக்கும். விளக்கு எரிய எரியப் பழுத்து, மதியம் மூன்று மணிக்கு இழை இழையாக எழும்பி நிற்கும், ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழ். 12 ட்ரோக்கஸ் நத்தைகளில் ஒன்பது இரண்டே வாரத்தில் மல்லாந்தன. மயிர்ப்பாசி இருந்தவரை ஒரு நத்தைகூடச் செத்ததில்லை.

டைனோதானா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. சளியைக் கொஞ்சம் உறிஞ்சி, தொட்டித் தண்ணீரோடு ஒரு குப்பியில் போட்டு நன்றாகக் குலுக்கி, காப்பி ஃபில்டரில் வடிகட்ட வேண்டும். நம் வீட்டு டிகாக்ஷன் ஃபில்டர் அல்ல, காகித ஃபில்டர். வடிந்த தெளிந்த நீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வைத்தால், டைனோவாக இருந்தால் மறுபடி திரண்டு இழை கட்டும். எனக்குக் கட்டியது. பிறகு மகனுடைய மைக்ரோஸ்கோப்பைக் கடன் வாங்கி, ஒரு சொட்டு வைத்து 400 மடங்கில் பார்த்தேன். எள் வடிவம், ஒரு முனை மட்டும் கூர். ஒவ்வொன்றும் அந்த முனையில் முளையடித்துக் கட்டியது போல, செக்குமாடு மாதிரி ஒரே புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆஸ்ட்ரியாப்சிஸ். நத்தைகள் செத்ததற்கும் விளக்கம் கிடைத்தது, இதற்கு விஷம் உண்டு.

வகை தெரிந்ததுதான் பிழைத்த வழி. ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் பிடியை விட்டுத் தண்ணீரில் மிதக்கும். அதனால் யுவி (புற ஊதா) விளக்கில் சிக்கிச் சாகும். ஆம்ஃபிடீனியம் என்று இன்னொரு வகை மணலைவிட்டு எழும்பாது. அதற்கு யுவி வாங்கினால் காசுதான் தண்டம். நான் 24 வாட் யுவி ஒன்றை இருநூறு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக வாங்கி, ஸம்ப்பில் அல்லாமல் மேல்தொட்டியிலிருந்தே நேராகத் தண்ணீர் எடுத்துத் திரும்ப விடும்படி மாட்டினேன். ஜிஎஃப்ஓவைத் தூக்கி எறிந்தேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். சோடியம் நைட்ரேட் கரைத்து ஊற்றி நைட்ரேட்டை 10 பிபிஎம் பக்கம் கொண்டுவந்தேன்.

பாஸ்பேட்தான் படுத்திவிட்டது. மாலையில் 0.10க்கு ஏற்றினால் காலையில் 0.02. காய்ந்த பாறை அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டது. இரண்டு மாதம் தினமும் ஊற்றினேன், பாஸ்பேட்டை ஒழிக்கக் காசு செலவழித்த அதே ஆள். யுவி போட்ட பத்தாம் நாள் மணல் வெளுத்தது. ஆனாலும் 2023 மார்ச் வரை நிறுத்தவில்லை. அந்த மாதம் பின்பக்கப் பாறையில் பச்சை முடி ஒன்று முளைத்ததைப் பார்த்து, பாசிக்குச் சத்து திரும்பிவிட்டது என்ற சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுக்குத்தானே போன வருஷம் அழுதீங்க?” என்றாள்.

மயிர்ப்பாசியை இப்போது கையால்தான் சமாளிக்கிறேன். பாறையை அப்படியே எடுத்து, தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் அமுக்கி, பிரஷ்ஷால் தேய்த்து அலசுவேன். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் பிய்ந்த துண்டுகள் நாலு பக்கமும் போய் ஒட்டும். ஒரு எச்சரிக்கை: ஜோவாந்திட் ஒட்டிய பாறையை வெந்நீரில் வேகவைத்துப் பாசியைக் கொல்லலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு.

தேய்த்ததற்குப் பிறகு கடல் முள்ளெலி, உடம்பெல்லாம் முள்ளோடு பாசி மேயும் உருண்டைப் பிராணி. டக்ஸிடோ அர்ச்சின் ஒன்றை பாசிர் ரிஸ் பக்கம் போய் வாங்கி வந்தேன் (பாசிக்கு மருந்து பாசிரில்). கரீபியன் கடலில் 1983-84இல் ஒரு நோய் வந்து நீண்ட முள் கொண்ட டயடெமா முள்ளெலிகள் ஏறக்குறைய பூண்டோடு போயின. மேய ஆளில்லாமல் ஜமைக்காவின் பவளப்பாறைகள் பாசிக்காடாயின. ஹவாயின் கானியோஹே விரிகுடாவில் பொரிப்பகத்தில் வளர்த்த முள்ளெலிகளை விட்டே வந்தேறிப் பாசியைக் கட்டுப்படுத்துகிறார்கள். கடலுக்கே அதுதான் வைத்தியம் என்றால் என் மூன்றடித் தொட்டிக்கு என்ன. ஒரே குறை, கண்ணில் படுவதையெல்லாம் முதுகில் தூக்கிக்கொண்டு திரியும். ஒட்டாத ஃப்ராக் (பவளத் துண்டு) எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. கோரலைனையும் கொஞ்சம் தின்னும்.

மூன்றாவது, ஸம்ப்பில் கீட்டோமார்ஃபா. வேண்டாத பாசிக்குப் போகும் சத்தை வேண்டிய பாசிக்குத் திருப்பிவிடும் வேலை. இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை அதற்கு விளக்கு. மேல்தொட்டி இருளில் இருக்கும்போது பிஎச் அதிகம் சரியாமலும் பார்த்துக்கொள்கிறது. மாதம் ஒருமுறை ஒரு குண்டான் அளவு பிய்த்துப் போடுகிறேன். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 முதல் 0.10. அதற்குக் கீழே இறங்கினால் தீனியைக் கூட்டிவிடுவேன்.

வாங்கி வருத்தப்பட்டவை: பாட்டிலில் வரும் ‘பாசிக்கொல்லி’ திரவங்கள் இரண்டு, பெயர் வேண்டாம். கடல் முயலும் (பாசி தின்னும் கடல் நத்தை இனம்) ஒன்று வாங்கினேன். பாசியை ஒரே வாரத்தில் துப்புரவாகத் தின்றுவிட்டு, பிறகு தின்ன ஒன்றுமில்லாமல் மெலிந்தது. பரிதாபப்பட்டு நண்பர் வீட்டுப் பாசித் தொட்டிக்கு வாழ அனுப்பினேன். ஹைட்ரஜன் பெராக்ஸைடை, பாறையை வெளியே எடுத்து மேலே சொட்டுவிட்டால் நன்றாகவே வேலை செய்கிறது. தொட்டிக்குள் நேராக ஊற்ற எனக்குத் துணிவில்லை, க்ளீனர் இறாலுக்கு ஆகாது.

போன வாரம் தண்ணீர் வழிந்து ஸம்ப்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ சீப்புக்குப் பின்னால் கோலிக்குண்டு போல பளபளவென்று வலோனியா என்ற குமிழ்ப்பாசி ஒன்று. அவ்வளவு பெரிய உருண்டையும் ஒரே செல் என்று மகன் நம்ப மறுக்கிறான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடலாம் என்று அவன் கேட்டபோதுதான் நினைவு வந்தது, கடன் வாங்கியது இன்னும் ஸம்ப் அலமாரியிலேயே கிடக்கிறது, லென்ஸ் முழுக்க உப்பு பூத்து.